பற்றைக் காணியும் சட்டமும்: தம்புள்ளைப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஒருவர் தமது சொந்தக் காணியிலே பற்றை வளரவிடுவது குற்றமாகுமா? இவ்வினா முதற்பார்வையில் அற்பமானதாகத் தோன்றக்கூடும். ஆயினும் இலங்கையின் சட்டங்கள் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளாக இதற்கு ஒன்றோடொன்று முரண்படும் விடைகளையே அளித்து வந்துள்ளன. ஒரு காலத்திற் பற்றை மூடிய காணி உடைமையாளர் அற்ற காணியென்று கருதப்பட்டது. பிறிதொரு காலத்தில் அது நோயின் பிறப்பிடம் எனப்பட்டது. இன்னொரு காலத்திற் பற்றை முழுவதும் குற்றமன்று, அதனுள்ளே நிற்கும் குறிப்பிட்ட ஒரு செடியே குற்றம் எனப்பட்டது. மற்றுமொரு சட்டமோ காணியை அளவுக்கு மீறித் துப்புரவாக்குவதையே தவறென்றது. காணி வரலாற்றை எழுதியோர் கோப்பியையும் தேயிலையையும் நெல்லையும் பற்றிப் பெரிதும் எழுதியுள்ளனர். பயிரல்லாத பச்சையைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. அக்குறையை ஒரு சிறிது நிரப்பும் நோக்குடன், மாத்தளை மாவட்டத்தின் வட பகுதியாகிய தம்புள்ளையை மையமாகக் கொண்டு இக்கட்டுரை வரையப்படுகின்றது.

தம்புள்ளையைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. மாத்தளை மாவட்டத்தின் தெற்கே ஈரமலைகளும் பெருந்தோட்டங்களும் அமைய, வடக்கே நாலந்தையைத் தாண்டியதும் நிலம் தாழ்ந்து உலர் வலயத்தின் விளிம்பாகின்றது. வடகீழ்ப் பருவமழையை நம்பிய குளமும் அதன் கீழ் வயலும், வயலைச் சூழ்ந்த மேட்டுநிலத்திலே சேனையும் இப்பகுதியின் பழைய வாழ்வுமுறையாகும். வயலுக்கு நீர் கிடையாத ஆண்டிலும் சேனை குடும்பத்தைக் காத்தது. குரக்கனும் சோளமும் எள்ளும் அதிலேதான் விளைந்தன.

சேனையின் இயல்பை விளங்காமல் இங்குள்ள பற்றையின் வரலாற்றை விளங்க முடியாது. கோடையிற் காடு வெட்டப்பட்டுத் தீயிடப்படும். மழையுடன் விதைப்பு நிகழும். ஓரிரு போகங்களின் பின்னர் நிலம் வளம் குன்றுவதோடு களையும் மிகும். அப்பொழுது உழவன் அந்நிலத்தை விட்டு வேறிடம் செல்வான். விட்ட நிலத்தில் முதலிற் புல்லும், பின்னர் முட்பற்றையும், அதன்பின் இளமரங்களும் எழும். பல ஆண்டுகள் கழித்து அவனோ அவனது மக்களோ அங்கே மீண்டு வருவர். ஆகவே சேனைக்காரனுக்குப் பற்றை அசட்டையின் அடையாளமன்று. நிலம் இளைப்பாறுகின்றது என்பதற்கான சான்று அது. அப்பற்றையே மறுமுறை எரிந்து சாம்பலாகி உரமாகும். பற்றையில்லையேற் சேனையில்லை.

இந்த உண்மையைத் தலைகீழாக வாசித்த சட்டமே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறல் கட்டளைச் சட்டம் ஆகும். காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய அனைத்தும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியனவென அது அனுமானித்தது. இம்மட்டோடு நிற்கவில்லை. பல ஆண்டு இடைவெளியிட்டே பயிரிடத்தக்க சேனை முதலிய நிலங்கள் பழைய கண்டி மாகாணங்களில் அமைந்திருப்பின், உரிமை கோருவோர் சன்னசு போன்ற அரச கொடைப்பத்திரத்தையேனும், கடந்த இருபது ஆண்டுகளுள் வழக்கமான வரி செலுத்தியமைக்கான சான்றையேனும் காட்டல் வேண்டும். காட்டாதவிடத்து நிலம் முடிக்குரியதாகும். கரையோர மாகாணங்களில் ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் இருந்தன. கண்டியிலே அத்தகைய பதிவேடு இல்லை. பதிவேடு இல்லாத நாட்டிற் பத்திரம் கேட்ட சட்டம் இது.

இச்சட்டத்தின் கண்ணிற் பற்றை ஒரு சாட்சியாயிற்று. வெட்டப்பட்ட நிலத்துக்கு உடைமையாளன் உண்டு. வளர்ந்து மூடிய நிலத்துக்கு உடைமையாளன் இல்லை. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் தேடிய காலம் அது. மாத்தளை மலைச்சாரல்களிற் காடுகள் மலிவு விலைக்கு விற்கப்பட்டன. வடக்கே வரண்ட தம்புள்ளையைக் கோப்பித் துரைமார் விரும்பினாரில்லை. எனினும் அனுமானம் இப்பகுதிக்கும் பொதுவானதே. தன் பாட்டனார் வெட்டிய சேனையைத் தான் வெட்டுவதற்குக் கிராமத்தவன் அரசாங்க அலுவலரின் அனுமதியை எதிர்பார்த்து நிற்கும் நிலை பின்னாளில் உருவாயிற்று. அவன் தன் நிலத்தைப் பேணிய முறையே அவனது உரிமைக்கு எதிரான ஆதாரமாயிற்று என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதியாகும்.

1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை இங்கு நினைவுகூராமற் செல்லவியலாது. அவ்வாண்டு யூலை 28ஆந் திகதி தம்புள்ளைக் குகை விகாரையிலே, கிரானெகம தேரரின் முன்னிலையில், கொங்காலேகொட பண்டா மன்னராக முடிசூடினார். புரன் அப்பு அடுத்த மாதம் 8ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சிக்குக் காணிப் பறிப்பே காரணமென ஒரு சாராரும், தேசாதிபதி டொரிங்டன் விதித்த துப்பாக்கி வரி, நாய் வரி, கடை வரி, ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை ஆகியவையே உடனடிக் காரணமென மற்றொரு சாராரும் கூறுவர். கே. எம். டி சில்வா போன்ற வரலாற்றாசிரியர்கள் வரிகளையே வலியுறுத்தினர். அவர்கள் கூற்றிற் பெரும் உண்மையுண்டு. வரிகள் புதியவை, நாடெங்கும் ஒரே வேளையில் வந்தவை. ஆயினும் பற்றைக்காட்டை உடைமையெனக் கருதிய மக்களுக்கும் அதனை வெறுமையெனக் கருதிய ஆட்சிக்கும் இடையே எட்டாண்டுகளாக விரிந்துவந்த பிளவு, அந்த வரிகள் விழுந்த நிலத்தைப் பதப்படுத்தியிருக்காது என எவ்வாறு கூறமுடியும்?

இனி, வயலின் பக்கம் திரும்புவோம். மேட்டுநிலத்திற் பற்றைக்கு இடமிருந்ததுபோல வயற்பரப்பில் இருக்கவில்லை. குளக்கட்டில் மரம் முளைத்தால் அதன் வேர்வழியே நீர் கசியும். வாய்க்காலிற் புல் மண்டினாற் கடைசி வயலுக்கு நீர் சேராது. வேலியடைப்பில் ஒருவன் பங்கு திறந்து கிடந்தால் ஊர் முழுவதன் பயிரையும் எருமை மேயும். ஆகவே குளக்கட்டும் வாய்க்காலும் வேலியும் வயலின் பங்குக்கேற்பப் பகுக்கப்பட்டு, ஒவ்வொருவனும் தன் பங்கைத் துப்புரவு செய்யக் கடமைப்பட்டிருந்தான். இக்கடமை தன் காணியை அழகாக வைத்திருக்கும் கடமையன்று. கீழ்வயற்காரனுக்குச் செய்யவேண்டிய கடன் அது. அயலவனுக்கு எவ்விடத்தில் ஊறு நேருமோ அவ்விடத்தில் மட்டும் வழக்கம் கத்தியை எடுக்கச் சொன்னது. மற்றைய இடங்களில் அது வாய்திறக்கவில்லை.

1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபொழுது கூட்டுழைப்பைக் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் உடன் மறைந்தது. கொடுங்கட்டாயம் ஒன்று நீங்கியது நன்றே. ஆனாற் குளக்கட்டை வெட்டாதவனைக் கேட்பார் இல்லாமற் போயினர். கட்டுகள் காடாகின. தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்து 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நீர்ப்பாசனத்தையும் நெற்செய்கையையும் பற்றிய பண்டைய வழக்கங்களைப் புதுப்பித்து நடைமுறைப்படுத்த வழிசெய்தது. வயலுடையோர் கூடித் தம் வழக்கங்களைக் கூறினர், அவை விதிகளாயின, மீறியோருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. 1871ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கக் கிராமச் சங்கக் கட்டளைச் சட்டமும் இவ்வழியிலேயே வேலி, கால்நடை, பாதை, கிணறு போன்றவற்றுக்கு ஊரவரே விதிசெய்ய இடமளித்தது. குடியேற்ற ஆட்சியின் சட்டங்களுள் மக்களின் அறிவைக் கேட்டறிந்து எழுதப்பட்டவை மிகச் சில. இவ்விரண்டும் அச்சிலவற்றுட் சேரும். இன்றும் போகத் தொடக்கத்திற் கூடும் கன்னக் கூட்டங்களில் வாய்க்கால் வெட்டும் நாள் குறிக்கப்படுவது இம்மரபின் தொடர்ச்சியே.

இவ்விரு சட்டங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், முற்றிலும் வேறான நோக்கோடு, 1862ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. இன்று நாம் நகரங்களிற் காணும் 'பற்றையை வெட்டுக' என்னும் அறிவித்தல்களுக்கு மூதாதை இதுவே. தெருவை அண்டிய வீட்டையோ காணியையோ அசுத்தமாகவோ, மிதமிஞ்சி மண்டிய தீய செடிகொடிகள் மூடியதாகவோ வைத்திருந்து, அதனாற் பிறருக்குத் தொல்லை அல்லது உடல்நலக் கேடு விளைவிப்போர் தண்டனைக்குரியர் என்பது அதன் சாரம். உடைமையாளர், குடியிருப்பவர் ஆகிய இருவருமே பொறுப்பாளிகள்.

செடி எங்ஙனம் நோய் தரும்? 1862இல் இதற்கு ஐயமற்ற விடை இருந்தது. அழுகும் இலைதழையிலிருந்து எழும் நச்சாவியே காய்ச்சலுக்குக் காரணம் என மேனாட்டு மருத்துவம் நம்பிய காலம் அது. நுளம்பின் பங்கினை ரொனால்ட் ரொஸ் செகந்தராபாத்திற் கண்டறிந்தது 1897இலேயே. அக்காலத் தம்புள்ளைத் தெருவோ நோயச்சம் நிறைந்த தெரு. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர் வடபாதை வழியே கால்நடையாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் காய்ச்சலாலும் அப்பாதையில் வீழ்ந்தோர் பலர். அவர்களுட் பெரும்பாலோர்க்குக் கல்லறையுமில்லை, கணக்குமில்லை. தெருவோரக் காடு அவர்களை மூடிக்கொண்டது. காடு கொன்றதென அக்காலத்தவர் எண்ணினர். நல்ல நீரும் உணவும் தங்குமிடமும் இல்லாமையே கொன்றது என்பது எம் எண்ணம்.

நச்சாவிக் கொள்கை வீழ்ந்த பின்னரும் சட்டத்தின் சொற்கள் வீழவில்லை. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. 1934-35ஆம் ஆண்டுகளின் பெரும் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. மாத்தளை மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. இந்நோயைப் பரப்பிய அனோபிலிஸ் கூலிசிபேசிஸ் என்னும் நுளம்பு இருண்ட பற்றையடியை நாடுவதன்று. மழை பொய்த்து ஆறு வற்றியபோது மணலிடையே தேங்கிய, வெயில் படும் தெளிந்த குட்டைகளே அதன் பிறப்பிடம். நிழல்தரும் கரையோரப் பற்றையை வெட்டுவது அதற்கு வசதியாகவும் அமையக்கூடும்! டெங்கு நுளம்பின் கதை வேறு. அது சிரட்டையிலும் தகரப் பேணியிலும் தேங்கும் நீரை நாடுவது. பற்றை அப்பேணிகளை மறைக்குமேயன்றித் தானே நுளம்பைப் பெறுவதன்று. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் நுளம்பு பெருகத்தக்க இடங்களை அகற்றும் பொறுப்பை உடைமையாளர்மீது சுமத்தியபோது, நூற்றைம்பது ஆண்டுப் பழமையான அச்சத்துக்கு ஓரளவாவது சரியான முகவரி கிடைத்தது எனலாம்.

தமிழிற் 'களை' என்பது பெயராகவும் வினையாகவும் நிற்கும் சொல். எதைக் களைய வேண்டுமோ அதுவே களை. செடியின் இயல்பை அன்று, எமது முடிவையே அச்சொல் குறிக்கின்றது. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரமும் கொடியோரைத் தண்டிக்கும் வேந்தனைக் களையெடுக்கும் உழவனோடு ஒப்பிடுகின்றது. அவ்வுவமையிற் பயிர் எது, களை எது என்பதை உழவன் அறிவான் என்பது முன்னரே ஏற்கப்பட்ட செய்தி. அரசு அதை அறிந்திருந்ததா என்பதே இருபதாம் நூற்றாண்டுச் சட்டங்கள் எழுப்பும் வினா.

1909ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆகாயத்தாமரை என்னும் ஒரே செடிக்காக இயற்றப்பட்டது. கீழ்மாகாணத்தார் ஆற்றுவாழை எனவும் சிங்கள மக்கள் 'ஜப்பான் ஜபர' எனவும் அழைக்கும் இச்செடி, தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. பூவின் அழகுக்காக இங்கு கொணரப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே நீர்நிலைகளை மூடியது. தம் நீர்நிலையில் அதை அழிக்கும் கடமை காணிக்காரருடையதாயிற்று. 1924ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இதனை விரித்து, களைகளையும் பூச்சிகளையும் நோய்களையும் ஒருசேர நோக்கியது. பெயர் குறித்து அறிவிக்கப்பட்ட களை ஒருவரது காணியில் நிற்பின் அதிகாரி உட்புகுந்து பார்க்கலாம்; அழிக்குமாறு பணிக்கலாம். முன்னைய சட்டங்களிலும் இது ஒரு வகையில் மேலானது. பற்றை என்னும் பொதுப்பெயரை விட்டு, எந்தச் செடி, யாருக்குத் தீங்கு என்று கேட்டது.

ஆனால் அச்செடிகள் வந்த வழியை நோக்குவோமாயின் வியப்பே மிஞ்சும். உலர் வலயத்தின் சேனைக்காடுகளைப் பெரிதும் கெடுத்த நாயுண்ணிச்செடி 1826இற் பேராதனை அரச தாவரவியற் பூங்காவின் வழியாக இந்நாட்டுக்குள் புகுந்தது. குளங்களையும் வயல்களையும் மூடிய சல்வீனியா 1939இற் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் றுறைக்கு ஆய்வுக்கென வந்தது. 1954அளவில் அது ஏறத்தாழ 22,000 ஏக்கர் வயலிலும் 2,000 ஏக்கர் நீர்வழிகளிலும் பரவியிருந்தது. அரசின் பூங்காவிலிருந்தும் அறிஞர்தம் தொட்டியிலிருந்தும் தப்பியதை ஏழை உழவன் தன் கையாற் பிடுங்கவேண்டுமெனச் சட்டம் கூறியது. பல்கலைக்கழக ஏட்டிலே எழுதும் எமக்கு இச்செய்தி சற்றுக் கூச்சத்தைத் தருவதே. கையாலும் நஞ்சாலும் மாளாத சல்வீனியாவை இறுதியில் அடக்கியது பிரேசிலைச் சேர்ந்த ஒரு சிறு கூன்வண்டு. அவுஸ்திரேலியாவிற் பயன்கண்ட பின்னர் 1986 தொடக்கம் அது இங்குள்ள நீர்நிலைகளில் விடப்பட்டது. தண்டப்பணம் சாதியாததை வண்டு பெருமளவு சாதித்தது. 1909, 1924ஆம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டும் நீக்கப்பட்டு, 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அவற்றின் இடத்தைப் பெற்றது.

மாவட்டத்தின் தென்பாதியிலுள்ள தோட்டங்களிலோ களை வேறொரு கதை. அங்கே நிலம் கம்பனியுடையது. களையெடுக்கும் கை தொழிலாளியுடையது. ஒரு புல்லும் தலைகாட்டாத மலையே நல்ல நிருவாகத்தின் அடையாளமெனத் துரைமார் கருதினர். 'சொரண்டி' என்னும் கருவியால் மண்ணைச் சுரண்டிப் புல்லெடுப்பது எம் முன்னோரின் நாளாந்த வேலையாயிருந்தது. சுரண்டிய மண்ணை மழை ஆற்றுக்குக் கொண்டுசென்றது. மண்ணரிப்புப் பற்றி ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1931இல் வெளிவந்தது. 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம், காணியை முற்றாகக் களையெடுப்பதைத் தடுக்கும் ஒழுங்குவிதிகளுக்கும் இடமளித்தது. கவனியுங்கள்: ஒரு சட்டம் வெட்டாதவனைத் தண்டிக்கின்றது, மறுசட்டம் வெட்டியவனைத் தடுக்கின்றது. இரண்டும் ஒரே மாவட்டத்தில் ஒரே காலத்திற் செல்லுபடியாயின. ஒரு நூற்றாண்டுக் காலம் குனிந்து சுரண்டியவர்கள் செய்த வேலை மலைக்கே கேடாயிற்று என்பதை அறிக்கைகள் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருப்பினும் அவர்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை. அவர்களுக்கு அம்மண்ணில் ஒரு பிடியும் சொந்தமில்லை.

இரசாயனக் களைநாசினி வந்தபின் சொரண்டியின் பணி குறைந்தது. சிறுநீரக நோயைப் பற்றிய அச்சத்தில் 2015இல் கிளைபோசேற்றைத் தடைசெய்த அரசு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அத்தடையைத் தளர்த்தியது. தம்புள்ளையின் வெங்காயத் தோட்டத்திற் கோரையோடு போராடிய சிறு விவசாயிக்கு அத்தளர்வு அப்பொழுது கிட்டவில்லை.

தம்புள்ளையும் மாறிவிட்டது. 1976இற் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர் இப்பகுதி வழியே வடக்கு நோக்கிப் பாய்ந்தது. 1999இற் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டது. 2011இல் ஊர் மாநகர சபையாக உயர்ந்தது. விலையேறும்வரை வெறுமனே விடப்பட்ட வளவுகள் இன்று நகரத்தின் பற்றைகள். அவற்றின் உடைமையாளர் கொழும்பிலோ கடல்கடந்தோ வாழ்வர். பாம்புக்கும் குப்பைக்கும் அஞ்சி வாழ்பவர் பக்கத்து வளவுக்காரர். இங்கே 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின் தேவையை மறுப்பதற்கில்லை. ஆனால் உழவன் நிலத்தை ஆறவிட்ட பற்றையையும் வணிகன் விலைக்காகக் காத்திருக்கவிட்ட பற்றையையும் அதன் சொற்கள் வேறுபடுத்தி அறியா. தெருவிலே நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றே.

இவ்விடத்தில் தம்புள்ளையிலிருந்து கண்டலமைக்குச் செல்லும் தெருவிலுள்ள ஒரு காணியைக் குறிப்பிடவேண்டும். முன்பு கடற்படையிலும் பின்பு தேயிலைத் தோட்டத்திலும் பணியாற்றிய சாம் பொபம் என்னும் ஆங்கிலேயர், 1963இல் இங்கே கைவிடப்பட்ட சேனைப்பற்றை நிலமொன்றைப் பெற்று மரச்சோலை ஆக்க முனைந்தார். முதலில் நிலத்தைத் திருத்தி நாற்றுகளை நட்டார். வறட்சியில் அவை பெரும்பாலும் பட்டுப்போயின. ஆனால் முட்பற்றையை நீக்கிய இடங்களில், எவரும் நடாத நாட்டு மரக்கன்றுகள் தாமே தலையெடுப்பதை அவர் கண்டார். அதன்பின் நடுவதைக் கைவிட்டார். கன்றை நெருக்கும் பற்றையை மட்டும் வெட்டினார், கன்றைத் தொட்டாரில்லை. முதிரையும் கருங்காலியும் பாலையும் வீரையும் உலர் வலயக் காட்டுக்கு உரியவை. அக்காடு அவர் கண்முன்னே மெல்ல மீண்டது. எதை வெட்டுவது, எதை விடுவது என ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்த வேலை அது. பழைய சேனைக்காரன் காத்திருந்து பெற்றதை அவர் சற்று விரைவுபடுத்தினார் என்றும் கூறலாம். தம் அனுபவத்தை 1993இல் நூலாக வெளியிட்டார்.

1989இல் அச்சோலை கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் சட்டம் அதனைத் தரிசென்றிருக்கும். 1862ஆம் ஆண்டின் சட்டத்தோடு வந்த பரிசோதகர் ஒருவர், 1970அளவில் அத்தெருவழியே சென்றிருப்பாராயின், குறிப்பேட்டை எடுத்திருப்பார்.